மறைஞ்ச பாடகர்களோட குரல ஏஐல கொண்டு வர்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரெக்கார்டிங் ஸ்டுடியோல வேல பாக்குறவன், வோகல் எடிட்டிங், மிக்ஸிங் இதுதான் பொழப்பு. ஏஐ குரல்ல பாட்டு வர ஆரம்பிச்சதுல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், கச்சேரில வாசிக்கிறவங்கன்னு பாக்குற எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேக்குறாங்க, அதான் எல்லாத்துக்கும் சேத்து இங்க எழுதிட்டேன். டெக்னிக்கல் விஷயம் தவிர மத்தது எல்லாம் என்னோட சொந்தக் கருத்து.

எந்தெந்த பாட்ட பத்தி பேசுறீங்க?

முக்கியமா 2024ல வந்த மூணு பாட்டு. மொதல்ல லால் சலாம் படத்துல ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட 'திமிறி எழுடா', அதுல பம்பா பாக்யா குரலும் சாகுல் ஹமீது குரலும் வரும். பாக்யா 2022 செப்டம்பர்ல இறந்துட்டாரு, சாகுல் ஹமீது தொண்ணூறுகளோட கடைசிலயே கார் ஆக்சிடென்ட்ல போய்ட்டாரு. அடுத்து கோட் படத்துல யுவன் போட்ட 'சின்ன சின்ன கண்கள்', விஜய் கூட பவதாரிணி குரல், அவங்க அந்த வருஷம் ஜனவரி 25 இறந்தாங்க, பாட்டு ஜூன்ல வந்துச்சு. மூணாவது வேட்டையன் படத்துல அனிருத் போட்ட 'மனசிலாயோ', அதுல 2011ல மறைஞ்ச மலேசியா வாசுதேவன் குரல். இந்த மூணுமே வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சு, அவங்க சம்மதத்தோட நடந்ததுங்கறத மொதல்லயே சொல்லிடுறேன். ரஹ்மான் ரெண்டு குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி உரிய சம்பளமும் அனுப்புனதா அப்பவே வெளிப்படையா சொன்னாரு.

கம்ப்யூட்டரே பாடிருதா?

இல்லீங்க. இதத்தான் நெறைய பேரு தப்பா நெனச்சுட்டு இருக்காங்க, மத்த எல்லா கேள்விக்கும் இதுதான் அடிப்படை, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

சும்மா நாலு வரி டைப் பண்ணா முழு பாட்டையும் தானே உருவாக்கித் தர்ற சுனோ மாதிரி ஆப்பும் இருக்கு, அது வேற கதை. குறிப்பிட்ட ஒரு பாடகரோட குரல் வேணும்னா ஸ்டுடியோவுல பெரும்பாலும் செய்யறது குரல் மாத்துறது. மொதல்ல உயிரோட இருக்கற ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு முழு பாட்டையும் பாடணும், இதத்தான் ட்ராக் பாடுறதுன்னு சொல்றோம். மறைஞ்சவரோட பழைய பாட்டுகள்ல இருந்து அவரு குரல் மட்டும் தனியா எடுத்து ஒரு மாடலுக்கு, அதாவது ஒரு ஏஐ ப்ரோக்ராமுக்கு, பழக்கி வெச்சிருப்பாங்க. அந்த மாடல்குள்ள இவரு பாடுனத போட்டா, சுருதி, தாளம், வார்த்தை எல்லாம் இவரோடதாவே இருக்கும், குரலோட நெறம் மட்டும் அவரோடதா மாறி வரும்.

ஒரு உதாரணம் சொல்றேன். ட்ராக் பாடுன பொண்ணு 'கண்ணே'ன்னு ஒரு எடத்துல 'ணே'வ தாளத்துக்கு ஒரு மயிரிழை லேட்டா எடுத்திருக்கும்னு வைங்க, அதுலதான் அந்த வரியோட ஏக்கமே இருக்கு. மாடல்ல போட்டு வெளிய எடுத்து ரெண்டு ஃபைலையும் ஸ்க்ரீன்ல ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வெச்சுப் பாத்தீங்கன்னா அந்த மயிரிழை லேட்டு அப்படியே அதே எடத்துல நிக்கும். மூச்சு எடுத்த எடமும் அதே. சரணத்துல ஒரு சங்கதிய, அதாவது ஒரு குரல் நெளிவ, வழுக்கி விட்டிருந்தா இதுலயும் வழுக்கும். அந்தப் பொண்ணு உணர்ச்சியே இல்லாம பாடியிருந்தா, எவ்ளோ பெரிய பாடகரோட மாடலா இருந்தாலும் உணர்ச்சியே இல்லாமத்தான் வரும், மாடல் அத சரி பண்ணாது.

அப்போ நீங்க கேட்டு கண்ணு கலங்குன அந்த எடம் இருக்கு பாருங்க, அத பண்ணது யாரு? உயிரோட இருக்கற அந்த ஆளு. என்னோட கருத்து முழுக்க இதுல இருந்துதான் வருது.

அந்த ட்ராக் பாடுறவங்க பேரு வருதா?

சில பாட்டுல வருது, சிலதுல வர்றதே இல்ல. மனசிலாயோல பாடகர் பட்டியல்ல மலேசியா வாசுதேவன் பேரோட அவரு மகன் யுகேந்திரன் பேரும் இருக்கு, எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

தமிழ் சினிமாவுல ட்ராக் பாடுறதுங்கறது ரொம்ப நாளா இருக்கற விஷயம். பெரிய பாடகர் வர்றதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் பாடி வெச்சிருப்பாங்க, அத கேட்டு பாடம் பண்ணிட்டு பெரியவங்க பாடுவாங்க, ட்ராக் அழிஞ்சிடும். அப்போ ட்ராக் பாடுனவங்க பேரு போடாதது நியாயம்னு கூட சொல்லலாம், ஏன்னா கடைசில கேக்குறது அவங்க பாடுனது இல்ல. இப்ப அப்படி இல்லீங்க, ட்ராக் அழியல, ட்ராக்தான் பாட்டே, மேல பூசுற கலர் மட்டும்தான் வேற. பழைய வழக்கத்த சொல்லி இப்பவும் பேரு போடாம விட்டா அது திருட்டுதான், நான் சுத்தி வளச்சு சொல்ல மாட்டேன். பேரு வந்தா அடுத்த வாய்ப்பு வரும், ராயல்டில பங்கு வரும், மேடை நிகழ்ச்சிக்கு கூப்பிடுவாங்க. வளர்ற வயசுல இருக்கற ஒரு பாடகருக்கு இது சாதாரண விஷயமே இல்ல.

குரல் ஒண்ணுதானே, அப்புறம் பாடகருக்கும் மாடலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

டிஎம்எஸ்ஸ எடுத்துக்கங்க. சிவாஜிக்கு பாடும்போது ஒரு மாதிரி பாடுவாரு, எம்ஜிஆருக்கு பாடும்போது வேற மாதிரி பாடுவாரு, ரேடியோல முகம் தெரியாம கேட்டாலே இது யாருக்கு பாடுனதுன்னு நம்ம தாத்தா பாட்டி எல்லாம் கரெக்டா சொல்லுவாங்க. இப்ப டிஎம்எஸ்க்கு ஒரு மாடல் பண்ணனும்னா எந்த டிஎம்எஸ்ஸ பண்ணுவீங்க? ரெண்டையும் கலந்து போட்டா ரெண்டும் இல்லாத ஒரு நடுவாந்திர குரல் வரும். எஸ்.ஜானகி அம்மா குழந்தை குரல்ல பாடுவாங்க, கெழவி குரல்லயும் பாடுவாங்க, அதையும் இப்படித்தான் கேக்கணும். இந்த சீனுக்கு, இந்த நடிகருக்கு, இந்த வார்த்தைக்கு தொண்டைய எப்படி திருப்பணும்னு அந்த நிமிஷத்துல ஒருத்தர் முடிவு பண்றாரு பாருங்க, அந்த முடிவுதான் பாடகர். மாடல்கிட்ட இருக்கறது அந்த முடிவுகளோட மிச்சம்.

பழைய பாட்டுல இருந்து குரல தனியா எப்படி எடுக்குறாங்க?

பாட்டையும் இசையையும் பிரிச்சுத் தர்ற ஏஐ டூல் நெறைய வந்துருச்சு, இலவசமாவே கெடைக்குது. ஆனா எழுபதுகள்ல வந்த பாட்டுல இது அவ்ளோ சுலபம் இல்ல. அப்ப ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் ஒரே நேரத்துல வாசிக்க, பாடகரும் கூடவே பாடி, எல்லாம் சேந்து மோனோல, அதாவது ஒரே சேனல்ல, பதிவான பாட்டுங்க ஏராளம். பிரிச்சு எடுத்தா குரல் ஏறுற எடத்துல எல்லாம் பின்னாடி வயலினோட நிழல் ஒட்டிக்கிட்டே வரும், தபேலா அடி விழுற எடத்துல குரல் லேசா நசுங்கும், மொத்தத்துல தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஒரு சத்தம். அதுல பழக்குன மாடலும் அப்படித்தான் இருக்கும். அதனாலதான் சமீபத்துல இறந்தவங்க குரல் கொஞ்சம் தெளிவா வருது, அவங்க பாடுன தனி வோகல் ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல அப்படியே இருக்கும். இன்னொன்னும் யோசிங்க, அந்த ஹார்ட் டிஸ்க் மியூசிக் டைரக்டர்கிட்டயோ கம்பெனிகிட்டயோ இருக்கும், பாடுனவங்ககிட்ட இருக்காது.

பீட்டில்ஸ் கூட ஏஐல பாட்டு விட்டாங்களே?

அது வேற. 2023 நவம்பர்ல வந்த அந்தப் பாட்டுல இருக்கறது அந்த இங்கிலாந்து பேண்டோட பாடகர் ஜான் லெனன் உயிரோட இருந்தப்ப கேசட்ல பியானோ வாசிச்சுக்கிட்டே பாடி வெச்ச அவரோட சொந்தக் குரல். பியானோ சத்தத்துல இருந்து குரல பிரிச்செடுக்க மட்டும்தான் ஏஐ பயன்பட்டுச்சு. தூசி தொடைக்கிற வேல அது. அவரு பாடாதத எதையும் அவரு பாடுனதா சொல்லல. இந்த மாதிரி வேலைக்கு ஏஐ வர்றத நான் கைதட்டி வரவேப்பேன், நம்மகிட்டயும் பூஞ்சை புடிச்ச டேப் எவ்ளோ கெடக்குது, ஒழுங்கா பண்ணா பெரிய சொத்து.

குடும்பம் சரின்னு சொல்லி, காசும் குடுத்தாச்சு. அப்புறம் உங்களுக்கு என்ன பிரச்சன?

நியாயமான கேள்வி. பவதாரிணி விஷயத்துல எனக்கு மனசு இளகுது, மறைக்கல. யுவன் அப்ப சொன்னது ஞாபகம் இருக்கும், அந்த ட்யூன் போடும்போதே இது அக்காவுக்கான பாட்டுன்னு தோணுச்சு, ஒடம்பு சரியானதும் அவங்களயே பாட வெக்கலாம்னு நெனச்சோம், கொஞ்ச நேரத்துலயே அவங்க இல்லங்கற சேதி வந்துச்சுன்னு. ஒரு தம்பி அப்படி பண்ணத தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா எல்லா வீடும் அப்படி இருக்கும்னு சொல்ல முடியாதுல்ல. பிள்ளைங்க நாலு பேரு இருந்து ரெண்டு பேரு வேணும்பாங்க ரெண்டு பேரு வேணாம்பாங்க, கஷ்டத்துல இருக்கற குடும்பத்துக்கு ஒரு தொகைய காட்டுனா கையெழுத்து போடத்தான் செய்வாங்க, பேரன் காலத்துல தாத்தா எந்த மாதிரி பாட்ட பாட மாட்டேன்னு சொன்னாருங்கறதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. வரி ஆபாசமா இருந்தா பாட மாட்டேன்னு மைக்க விட்டு வெளிய வந்த பாடகர்கள் இருக்காங்க, அந்த 'மாட்டேன்'ங்கற உரிமை இறந்த ஒடனே யார்கிட்ட போகுது? எனக்கு குடும்பத்தோட சம்மதம் பத்தாது. உயிரோட இருக்கும்போது அந்தப் பாடகரே எழுதிக் குடுத்திருக்கணும்.

ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் அப்படித்தான் பண்ணாரு. ஸ்டார் வார்ஸ்ல டார்த் வேடருக்கு குரல் குடுத்தவரு, வயசான காலத்துல தன்னோட பழைய ரெக்கார்டிங்க வெச்சு உக்ரைன் கம்பெனி ஒண்ணு அந்தக் குரல உருவாக்க அவரே சம்மதிச்சாரு, அது 2022லயே வெளிய தெரிஞ்ச விஷயம். 2024 செப்டம்பர்ல இறந்தாரு. அவரு முடிவு அவரோடது, யாரும் வாய தொறக்க முடியாது.

கேக்காமலே பண்ணவங்க இருக்காங்களா?

கீடா கோலாங்கற தெலுங்கு படத்துல எஸ்பிபி குரல ஏஐல பயன்படுத்துனதா சொல்லி அவரு மகன் எஸ்.பி.சரண் 2024ல வக்கீல் நோட்டீஸ் அனுப்புனாரு, எங்கள கேக்கவே இல்லன்னு. எஸ்பிபி 2020 செப்டம்பர்ல போனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவரு குரல்ல புதுப்பாட்டுன்னு சொல்லி ரீல்ஸ்ல வர்றதுக்கு கணக்கே இல்ல, அதுக்கெல்லாம் யாரு நோட்டீஸ் அனுப்ப முடியும் சொல்லுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

உயிரோட இருக்கறவங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கு. 2015லயே ரஜினி தன் பேர வெச்சு எடுத்த ஒரு ஹிந்தி படத்துக்கு எதிரா மெட்ராஸ் ஹைகோர்ட் போய், பிரபலமான ஒருத்தரோட பேரு, உருவம், ஸ்டைல எல்லாம் அனுமதி இல்லாம பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டு வந்தாரு. 2024 ஜூலைல பாம்பே ஹைகோர்ட் அரிஜித் சிங் கேஸ்ல இன்னும் நேரடியாவே, பாடகரோட குரல அனுமதி இல்லாம ஏஐ டூல்ல மாத்தித் தர்றது அவரோட உரிமைய மீறுறதுன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு.

இறந்தவங்க விஷயத்துலதான் ஓட்டை. 2021ல ஜெயலலிதா வாழ்க்கைய வெச்சு எடுத்த படத்துக்கு எதிரா அவங்க அண்ணன் மகள் தீபா போட்ட கேஸ்ல, ஒருத்தரோட தனியுரிமையும் அவரு சம்பாதிச்ச பேரும் அவரோடயே முடிஞ்சிடும், சொத்து மாதிரி வாரிசுக்கு வராதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிருச்சு. அதாவது குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்குறது இன்னைக்கு நல்ல பழக்கம், சட்டத்துல அதுக்கு நிக்கிற எடம் ரொம்ப பலவீனமா இருக்கு. காப்பிரைட் சட்டத்துல 2012 திருத்தத்துக்கு அப்புறம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமை வந்துச்சு, ஆனா அதுவும் அவங்க பாடி பதிவான பாட்டுக்குத்தான். பாடாத பாட்டுக்கு, வெறும் குரலோட நெறத்துக்கு, அதுல எடம் இல்ல. அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்துல 2024ல எல்விஸ் பேர்ல ஒரு சட்டமே போட்டு குரலையும் பாதுகாக்கப்பட்ட பொருளா சேத்துட்டாங்க, இறந்ததுக்கு அப்புறமும் அந்த உரிமை தொடரும். நமக்கும் அப்படி ஒண்ணு வேணும், சீக்கிரம் வேணும்.

ஆட்டோட்யூன் வந்தப்பவும் இப்படித்தானே பயந்தீங்க?

ஆட்டோட்யூன் நான் தெனமும் யூஸ் பண்றேன், அதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. பாடுனவரு சுருதிய லேசா தட்டி சரி பண்றோம், பேரு அவரோடதுதான், சம்பளமும் அவருக்குத்தான். இங்க ஒருத்தர் பாடுறாரு, இன்னொருத்தர் பேர்ல பாட்டு போகுது. ரெண்டும் ஒண்ணா?

ரசிகனா எனக்கு கேக்க சந்தோஷமா இருக்கு, அதுல என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்ல. வேட்டையன் பாட்டுல அந்த மலேசியா வாசுதேவன் குரல் வந்து விழுற எடத்துல தியேட்டரே ஆடுச்சு, அந்த சந்தோஷம் நெஜம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அதே சந்தோஷத்துல ஒரு பங்க உயிரோட இருக்கற பாடகருக்கும் குடுங்க. மலேசியா வாசுதேவன் மாதிரி மண்ணு வாசனையோட தொறந்த தொண்டைல பாடுற பசங்க கிராமத்துக் கச்சேரில, நாடக மேடைல, கானா பாட்டுல இன்னைக்கும் இருக்காங்க. வாசுதேவனே மலேசியாவுல இருந்து நடிக்கணும்னு வந்து, வாய்ப்புக்கு அலஞ்சு, பாரதிராஜாவோட மொதல் படத்துல இளையராஜா மியூசிக்ல பாடி பேரு வாங்குனவருதான். அன்னைக்கு அந்த எடத்துல செத்துப்போன ஒரு பெரிய பாடகரோட மாடல் ரெடியா இருந்திருந்தா புதுசா வந்த இவர யாரு மைக் முன்னாடி நிக்க வெச்சிருப்பாங்க? பம்பா பாக்யாவுக்கும் அப்படித்தான், அடித்தொண்டைல இருந்து வர்ற அந்த கனமான குரல புடிச்சு பாட வெச்சது அதே ரஹ்மான்தான்.

கலைஞர், ஜெயலலிதா எல்லாம் ஏஐல பேசுறாங்களே?

2024 தேர்தல் நேரத்துல ரெண்டு பக்கமும் நடந்துச்சு, ஜனவரில ஒரு புத்தக வெளியீட்டு விழாவுல கலைஞர் திரைல வந்து பேசுனாரு, பிப்ரவரில ஜெயலலிதா பொறந்தநாளுக்கு அவங்க குரல்ல ஒரு ஆடியோ வந்துச்சு. பாட்ட விட இது எனக்கு பெரிய கவல. இல்லாதவங்க வாயில இன்னைய அரசியல வெக்கிறது எந்தக் கட்சி பண்ணாலும் தப்புதான்.

கிளைமாக்ஸையே மாத்துனாங்களே, அதப்பத்தி?

2013ல வந்த ராஞ்சனாவோட தமிழ் வெர்ஷன் அம்பிகாபதி. 2025 ஆகஸ்ட்ல ரீ ரிலீஸ் பண்ணும்போது ஹீரோ சாகுற முடிவ ஏஐல மாத்தி பொழைக்க வெச்சுட்டாங்க. டைரக்டர் ஆனந்த் எல்.ராய் எதுத்தாரு, தனுஷ் படத்தோட ஆன்மாவையே உருவிட்டாங்க, பன்னெண்டு வருஷம் முன்னாடி நான் ஒத்துக்கிட்ட படம் இது இல்லன்னு அறிக்கை விட்டாரு. படத்தோட உரிமை கம்பெனிகிட்ட இருந்ததால அவங்க நெனச்சத பண்ண முடிஞ்சுது. இத்தனைக்கும் ரெண்டு பேரும் உயிரோட, பேர் புகழோட இருக்காங்க, அவங்க பேச்சே எடுபடலன்னா இறந்துபோன ஒரு பாடகருக்காக யாரு பேசுவா?

ஹாலிவுட்ல இத எப்படி சமாளிச்சாங்க?

சண்ட போட்டு. 2023ல நடிகர் சங்கம் 118 நாள் ஸ்ட்ரைக் பண்ணாங்க, எழுத்தாளர் சங்கம் 148 நாள். நடிகரோட உருவத்தயோ குரலையோ டிஜிட்டல்ல உருவாக்கணும்னா எதுக்குன்னு விவரமா சொல்லி சம்மதம் வாங்கணும், அதுக்கு சம்பளமும் உண்டுங்கறது ஒப்பந்தத்துல வந்துச்சு. கூட்டத்துல நிக்கிற துணை நடிகர ஒரு தடவ ஸ்கேன் பண்ணி வெச்சுட்டு காலத்துக்கும் பயன்படுத்திக்கலாமாங்கறதுதான் அங்க பெரிய பிரச்சனயா இருந்துச்சு. நம்ம ட்ராக் பாடுறவங்க நெலமையும் கிட்டத்தட்ட அதுதான், ஆனா இங்க இதுக்காக ஒரு நாள் கூட வேல நிக்கல.

வீட்ல சும்மா எஸ்பிபி குரல்ல ஒரு ரீல்ஸ் போட்டேன், அதுவும் தப்பா?

வீட்டுக்குள்ள வெளையாடுறது உங்க இஷ்டம். வெளிய போட்டீங்கன்னா ஏஐன்னு பெருசா எழுதுங்க, தயவு செஞ்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சின்னப் பையன் அத எஸ்பிபி பாடுன பாட்டுன்னே நம்பி கத்துக்குவான், அவரு எந்த சங்கதிய எப்படி பாடுவாருங்கறதுக்கு அதையே ஆதாரமா வெச்சுக்குவான். அத வெச்சு காசு பாக்காதீங்க.

வளர்ற பாடகர்கள் இப்ப என்ன செய்யணும்?

கையெழுத்து போடுற அக்ரிமென்ட்ட முழுசா படிங்க. 'இப்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா தொழில்நுட்பத்திலும்'னு ஒரு வரி இருந்தா அங்கயே நிறுத்தி, என் குரல வெச்சு மாடல் பண்றதுக்கு இது பொருந்தாதுன்னு தனியா எழுதி வாங்குங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா சங்கத்துக்குப் போங்க, பாடகர்களுக்குன்னு 2013ல இஸ்ராங்கற பேர்ல ஆரம்பிச்ச ராயல்டி சங்கம் இருக்கு, இப்ப அது பேரு இசாம்ரா, உறுப்பினர் ஆகலன்னா மொதல்ல ஆகுங்க. ட்ராக் பாடப் போனா இது குரல் மாத்துறதுக்கா, சும்மா மாதிரிக்கான்னு பாடுறதுக்கு முன்னாடியே கேளுங்க, மாத்துறதுக்குன்னா பாட்டோட பட்டியல்ல பேரு வரணும்னு வாட்ஸப்லயாவது எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க. நீங்க எடுத்த தனி வோகலோட ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும். அப்புறம், நான் போனதுக்கப்புறம் என் குரல என்ன பண்ணலாம் பண்ணக் கூடாதுங்கறத ஒரு பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்தோட வீட்ல குடுத்து வைங்க, எந்த மாதிரி பாட்டுக்கு வேணாம்ங்கறத பேரு சொல்லியே எழுதுங்க. வயசு இருபத்தஞ்சா இருந்தாலும் எழுதுங்க.